"உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ் இருக்கிறது!": போலி ஆன்டிவைரஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் யார் வீட்டு கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் என் வீட்டுக் காலிங் பெல்தான் அடிக்கும். வருகிறவர்களில் பாதிப்பேருக்கு ஒரே பிரச்சினை, அதே சிவப்பு எச்சரிக்கை, அதே பயம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். இப்போதே உங்கள் திரையில் ஏதோ கத்திக்கொண்டிருக்கிறது என்றால் நேராக 3-வது கேள்விக்குப் போய்விடுங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம்.

1. போலி ஆன்டிவைரஸ்னா என்ன தம்பி? வைரஸைப் பிடிக்கிற சாஃப்ட்வேர்லயே போலியா?

ஆமாம். இல்லாத வைரஸை இருப்பதாகக் காட்டி, அதை நீக்கக் காசு கேட்கும் சாஃப்ட்வேர்தான் அது. பார்க்க அசல் மாதிரியே இருக்கும். கேடயப் படம், பச்சை டிக், ஓடிக்கொண்டே இருக்கும் ஸ்கேன் பட்டை எல்லாம் உண்டு, உள்ளே தேடும் வேலை மட்டும் நடக்காது. சிலது வெறும் ஏமாற்றோடு நின்றுவிடும், சிலது பாஸ்வேர்டு திருடும் நிரலையும் கூடவே கொண்டுவந்து இறக்கும்.

இது பழைய தொழில். வின்ஃபிக்ஸர், வின்ஆன்டிவைரஸ், டிரைவ்கிளீனர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் என்று பல பெயர்களில் இதை விற்றவர்கள் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2008 டிசம்பரில் வழக்குப் போட்டது. அதற்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். 2012-ல் 16.3 கோடி டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அந்தப் பெயர்கள் இப்போது இல்லை, ஆனால் உத்தி அப்படியே இருக்கிறது. இன்றைக்கு அது பெரும்பாலும் சாஃப்ட்வேராகக்கூட வருவதில்லை, வெறும் ஒரு வெப் பக்கமாக வருகிறது. அதனால்தான் என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேரின் கம்ப்யூட்டரில் நீக்குவதற்கு ஒன்றுமே இருப்பதில்லை.

2. ஸ்கேன் ஓடுச்சு அண்ணா, என் கண்ணால பார்த்தேன். ஃபைல் பேரெல்லாம் வரிசையா வந்துச்சே?

நீங்கள் பார்த்தது ஸ்கேன் இல்லை, படம். பிரவுசரில் திறந்த ஒரு பக்கத்துக்கு விண்டோஸும் அதன் ஃபைல்களும் இருக்கும் உங்கள் சி டிரைவைத் திறந்து புரட்டிப் பார்க்க அனுமதியே கிடையாது. வரிசையாக ஓடிய பெயர்கள் எல்லா விண்டோஸிலும் இருக்கும் பெயர்கள். உங்களுக்காகத் தேடி எடுத்தவை அல்ல, அந்தப் பக்கத்திலேயே எழுதி வைத்தவை. எங்கள் மேல் மாடிப் பாட்டியின் ஆண்ட்ராய்டு போனில் ஒருநாள் "சி டிரைவில் டிரோஜன்" என்று வந்தது. போனில் ஏது சி டிரைவ்? பாட்டிக்கு அது தெரியாது, ஆனால் அந்தச் சிவப்பு நிறத்தைப் பார்த்தே பயந்துவிட்டார்.

நேரத்தையும் கவனியுங்கள். அசல் ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன் முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகும், பழைய ஹார்டு டிஸ்க் என்றால் இன்னும் இழுக்கும். இது பத்து விநாடியில் "4,82,000 ஃபைல்கள் பார்த்தாயிற்று" என்கிறது. "என் ஊர் பேரு, நெட் கம்பெனி பேரெல்லாம் சரியா சொல்லுச்சே" என்று சிலர் கேட்பார்கள். நீங்கள் போகும் எந்த சைட்டுக்கும் உங்கள் ஐபி முகவரி, அதாவது உங்கள் நெட் இணைப்பின் எண், தெரியும், அதை வைத்து உத்தேசமாக ஊரையும் நெட் நிறுவனத்தையும் சொல்லிவிடலாம். உள்ளே புகுந்தால்தான் தெரியும் என்கிற விஷயம் இல்லை இது.

3. மூடவே முடியல சார். ஸ்க்ரீன் முழுக்க வந்துடுச்சு, பீப் சத்தம் வேற, ஒரு லேடி வாய்ஸ் இங்கிலீஷ்ல மிரட்டுது. என்ன பண்றது?

முதலில் சத்தத்தை மியூட் செய்யுங்கள், பாதிப் பதற்றம் அதிலேயே போய்விடும். பிறகு எஸ்கேப் கீயை ஒரு தட்டுத் தட்டாமல் மூன்று நான்கு விநாடி அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகி மேலே டேப்கள் தெரியும், அந்த டேப்பை மூடுங்கள். விலகவில்லையா, ஆல்ட் + எஃப்4. அதுவும் இல்லையென்றால் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிரவுசரின் பெயரைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். எதற்கும் மசியவில்லை என்றால் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். "அணைத்தால் உங்கள் டேட்டா அழிந்துவிடும்" என்று அந்தக் குரல் சொல்வது பொய்.

இரண்டு விஷயத்தில் ஜாக்கிரதை. அந்தப் பெட்டியின் மூலையில் தெரியும் எக்ஸ் குறி பல நேரம் நிஜமான எக்ஸ் இல்லை, படத்தின் ஒரு பகுதி, எங்கே கிளிக் செய்தாலும் அவர்கள் நினைத்ததுதான் நடக்கும். அப்புறம், பிரவுசரை மறுபடி திறக்கும்போது "முன்பு திறந்திருந்த பக்கங்களைத் திரும்பத் திறக்கவா" என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். நிறையப் பேர் இங்கேதான் வேண்டும் என்று கொடுத்துவிட்டு "திரும்ப வந்துடுச்சு, வைரஸ்தான்" என்று முடிவு கட்டுகிறார்கள்.

4. பேஜை மூடிட்டேன். ஆனா தினமும் வலது ஓரத்துல "உங்க ஆன்டிவைரஸ் காலாவதி ஆயிடுச்சு"ன்னு வந்துட்டே இருக்கே?

என்னிடம் அதிகமாக வரும் கேள்வி இதுதான். எப்போதோ ஒரு சைட்டில் "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க 'அலோ' அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும், நீங்களும் அழுத்தியிருப்பீர்கள். அந்த ஒரு கிளிக்கில், உங்கள் கம்ப்யூட்டருக்கு எப்போது வேண்டுமானாலும் அறிவிப்பு அனுப்பும் உரிமையைக் கொடுத்துவிட்டீர்கள். பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் லோகோவைத் திருடிப் போட்டு அனுப்புவார்கள்.

அடுத்த முறை அந்தச் சின்னப் பெட்டி வரும்போது கிளிக் செய்யாமல் உற்றுப் பாருங்கள். பொடி எழுத்தில் குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும், பக்கத்தில் வாயில் நுழையாத ஏதோ ஒரு சைட் முகவரியும் இருக்கும். விண்டோஸ் அனுப்பும் அசல் எச்சரிக்கை என்றால் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று இருக்கும், சைட் முகவரி இருக்காது. நிறுத்துவது சுலபம்: குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே 'அலோ' பட்டியலில் இருக்கும் தெரியாத முகவரிகளை எல்லாம் நீக்குங்கள். சைட்கள் அறிவிப்புக்கு அனுமதி கேட்பதையே அங்கேயே மொத்தமாக அணைத்துவிடலாம், நான் எல்லார் வீட்டிலும் அணைத்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

5. பயத்துல ஓகே அழுத்திட்டேன், ஏதோ டவுன்லோட் ஆச்சு. போச்சா எல்லாம்?

டவுன்லோட் ஆனது மட்டும்தான், திறக்கவில்லை என்றால் ஒன்றும் ஆகவில்லை. டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குப் போய், டபுள் கிளிக் செய்யாமல், ஷிஃப்ட் + டெலீட் அடித்து நீக்குங்கள். மனசு கேட்கவில்லை என்றால் ஒரு முழு ஸ்கேனும் ஓட்டிவிடுங்கள்.

அது என்னதான் என்று தெரிந்துகொள்ள ஆசையிருந்தால், நீக்கும் முன் வைரஸ்டோட்டல் என்ற இலவச சைட்டில் அந்த ஃபைலைப் போடலாம், பல ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். ஆனால் அங்கே போடும் ஃபைலை மற்ற ஆய்வாளர்களும் பார்க்க முடியும், அதனால் உங்கள் பான் கார்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எதையும் சோதித்துப் பார்க்கிறேன் என்று அங்கே ஏற்றிவிடாதீர்கள்.

6. எது அசல், எது போலின்னு ஒரே வார்த்தைல சொல்லுங்க அண்ணா.

காசு. அசல் ஆன்டிவைரஸ் வைரஸைப் பிடித்துப் பூட்டிவிட்டுத்தான் உங்களிடம் சொல்லும். போலி முதலில் சொல்லும், காசு வாங்கியபிறகுதான் "நீக்கும்". இலவசப் பதிப்பு கொடுக்கும் அசல் நிறுவனங்களும் "காசு கட்டி மேம்படுத்துங்கள்" என்று நச்சரிப்பார்கள்தான், எனக்கும் எரிச்சல்தான், ஆனால் கண்டுபிடித்த வைரஸைப் பிணையாக வைத்துக்கொண்டு பேரம் பேச மாட்டார்கள். எச்சரிக்கையிலேயே போன் நம்பர் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், போலி. மைக்ரோசாஃப்ட்டின் எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது.

இன்ஸ்டால் ஆகியிருக்கும் ஒன்றின் மேல் சந்தேகம் என்றால், விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து செட்டிங்ஸில் 'மேனேஜ் புரொவைடர்ஸ்' பாருங்கள். அசல் ஆன்டிவைரஸ்கள் விண்டோஸிடம் தங்களைப் பதிவு செய்துகொண்டிருக்கும், போலிகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்காது. பெயரை மட்டும் நம்பாதீர்கள். சென்னையில் 1991-ல் தொடங்கிய கே7, புனேவின் குவிக் ஹீல் எல்லாம் அசல் நிறுவனங்கள்தான், அந்தப் பெயரையே போட்டுக்கொண்டு போலி வருவதும் நடக்கக்கூடியதுதான். விளம்பரத்தை கிளிக் செய்யாமல் நீங்களே அந்த நிறுவனத்தின் சைட்டுக்குப் போய் இறக்குங்கள்.

7. இன்ஸ்டாலே ஆயிடுச்சு சார். ஃபார்மட் அடிச்சாதான் போகுமா?

பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் வரிசையாகச் செய்யுங்கள். முதல் வேலை நெட்டைத் துண்டிப்பது, வைஃபையை அணையுங்கள் அல்லது கேபிளைப் பிடுங்குங்கள். அது வெளியே ஏதாவது அனுப்பிக்கொண்டிருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

பிறகு செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ். பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கினால் பிரச்சினை தொடங்கிய அன்று வந்ததெல்லாம் மேலே வந்து நிற்கும். போலி தனியாக வருவது அபூர்வம். 'டிரைவர் அப்டேட்டர்', பிடிஎஃப் கன்வெர்ட்டர், வானிலை காட்டும் ஏதோ ஒன்று என்று ஒரு கூட்டமே அதே நாளில் வந்திருக்கும், எல்லாவற்றையும் நீக்குங்கள். நீக்கும்போது "நிச்சயமாகவா? 70 சதவீதம் தள்ளுபடி தருகிறோம்" என்று கெஞ்சும், பட்டன்களின் நிறத்தை மாற்றி வைத்திருக்கும், நிதானமாகப் படித்து அழுத்துங்கள். அடுத்து டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பகுதியில் அதன் மிச்சங்களை டிஸேபிள் செய்யுங்கள், பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருக்கும் தெரியாத எக்ஸ்டென்ஷன்களை (கூடுதல் நிரல்களை) தூக்குங்கள், 4-வது பதிலில் சொன்ன அறிவிப்புகளையும் சுத்தம் செய்யுங்கள். செட்டிங்ஸில், உங்கள் நெட்டை வேறொரு கம்ப்யூட்டர் வழியாகத் திருப்பிவிடும் 'பிராக்ஸி' பகுதியையும் ஒருமுறை பாருங்கள், நீங்கள் போடாத முகவரி அங்கே இருந்தால் அணையுங்கள். இதை மறந்துவிட்டு "வைரஸ் போச்சு, ஆனா நெட் வரல" என்று மறுநாள் வந்தவர்கள் உண்டு.

கடைசியாக நெட்டை இணைத்து, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அப்டேட் செய்து முழு ஸ்கேன். மேல்மிச்சத்துக்கு மால்வேர்பைட்ஸின் இலவச ஆட்வ்கிளீனரை ஒருமுறை ஓட்டலாம், இந்த மாதிரிக் குப்பைகளை அள்ளுவதில் அது கெட்டிக்காரன்.

8. நீங்க சொன்னது எதுவும் நடக்கல. எதைத் திறந்தாலும் "இந்த ஃபைலில் வைரஸ்"னு சொல்லித் தடுக்குது. டாஸ்க் மேனேஜரும் வரல.

இது கொஞ்சம் முரடு. தன்னைக் கொல்லக்கூடிய எதையும் திறக்க விடாமல் காவல் காக்கிற வகை. அது எழும் முன் நாம் எழவேண்டும், அதற்குத்தான் சேஃப் மோட், அத்தியாவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸ் எழும் முறை. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள், டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு நெட்வொர்க்கோடு கூடிய சேஃப் மோடுக்கு 5 என்ற கீயை அழுத்துங்கள். உள்ளே போய் 7-வது பதிலின் வேலைகளைச் செய்யுங்கள். வழியில், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் ரெகவரி கீ (திறக்கும் எண்) கேட்டால் அதற்குப் பயப்பட வேண்டாம், இது போலி வேலை இல்லை, விண்டோஸே கேட்பது. பல லேப்டாப்களில் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், போனில் அந்தக் கணக்கைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழி டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் செக்யூரிட்டியின் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் கீழே இருக்கும். கொடுத்தால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுமுன்பே தேடும், சுமார் கால் மணி நேரம். இடையில் பயந்து பவரை அணைத்துவிடாதீர்கள்.

9. விண்டோஸோட வர்ற டிஃபெண்டரே போதுமா? ரெண்டு மூணு போட்டா இன்னும் சேஃப்தானே அங்கிள்?

வீட்டுக்குப் போதும், என் வீட்டில் அதுதான். இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் காவல் காத்தால் ஒன்றை ஒன்று சந்தேகப்பட்டு கம்ப்யூட்டரைப் படுக்கவைத்துவிடும். அசலான வேறொன்றைப் போட்டால் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும், அது கோளாறு இல்லை.

10. அதுல இருந்த நம்பருக்கு போன் பண்ணிட்டேன் தம்பி. நல்லாத்தான் பேசினான். தூரத்துல இருந்தே கம்ப்யூட்டரை இயக்க விடுற எனிடெஸ்க்னு ஒண்ணு போடச் சொன்னான், போட்டேன். உள்ள வந்து எல்லா எர்ரரையும் காட்டினானே?

என்னென்ன காட்டினான் என்று நானே சொல்கிறேன். 'ஈவன்ட் வியூவர்' திறந்து சிவப்பும் மஞ்சளுமாக எச்சரிக்கைகளைக் காட்டியிருப்பான், அது எல்லா கம்ப்யூட்டரிலும் இருக்கும், நேற்று வாங்கியதிலும் இருக்கும். கறுப்புத் திரையைத் திறந்து 'ட்ரீ' என்று அடித்திருப்பான், எழுத்துகள் அருவி மாதிரி ஓடியிருக்கும். அந்தக் கட்டளை ஃபோல்டர் பெயர்களைப் பட்டியல் போடும், அவ்வளவுதான். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே "வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது" என்று அவனே டைப் செய்துவிடுவான், ஓடி முடிந்ததும் கடைசி வரியாக அது வந்து நிற்கும். இதைப் பார்த்து அசந்துபோன ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார், அவர் ஏமாளி எல்லாம் இல்லை.

இப்போது செய்யவேண்டியது: நெட்டைத் துண்டியுங்கள், எனிடெஸ்க் மாதிரி அவன் போடச்சொன்ன எல்லாவற்றையும் நீக்குங்கள். வேறொரு போனிலிருந்தோ கம்ப்யூட்டரிலிருந்தோ மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், மெயில்தான் முதலில், ஏனென்றால் மற்ற எல்லாப் பாஸ்வேர்டையும் அதை வைத்து மாற்றிவிடலாம். அவன் உள்ளே இருந்தபோது என்னென்ன செய்தான் என்று நமக்கு முழுசாகத் தெரியாது, அதனால் இந்த விஷயத்தில் நான் ஃபார்மட் கட்சி. 'ரீசெட் திஸ் பிசி' கொடுக்கும்போது எல்லாவற்றையும் அழிக்கும் வழியையே எடுங்கள், படங்களையும் ஆவணங்களையும் முன்பே வெளியே எடுத்து வைத்துவிட்டு. அவன் எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைக்கவேண்டாம். இந்த மாதிரி கால் சென்டர்களையும் மற்ற சைபர் மோசடிக்காரர்களையும் தேடித்தான் 2023 அக்டோபரில் சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா-2' என்று நாடு முழுக்க 76 இடங்களில் சோதனை போட்டது.

11. காசும் கட்டிட்டேன். திரும்பக் கிடைக்குமா?

நேரம்தான் எல்லாம். முதலில் பேங்குக்கு போன் செய்து கார்டைத் தடுக்கச் சொல்லுங்கள், உடனே 1930-க்கு அழையுங்கள், மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கப் பார்ப்பார்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கிவிட்டால் வாய்ப்பு குறைந்துவிடும். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, ஓடிபி மாதிரி ரகசிய விவரங்களை நீங்களே சொல்லிப் பணம் போனால் பேங்கில் புகார் செய்யும் வரையிலான நஷ்டம் உங்களுடையது, புகாருக்குப் பிறகு போவது பேங்குடையது. வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப்போடுவதற்கு இது ஒரு விலை.

இன்னொன்று. சில மாதம் கழித்து "எங்கள் கம்பெனியை மூடுகிறோம், உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்று போன் வரலாம். அதே கூட்டம்தான். ஒருமுறை கொடுத்தவர்களின் நம்பரைப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

12. நான் ஒரு தப்பான சைட்டுக்கும் போகல. அப்புறம் எப்படி வந்துச்சு?

நம்புகிறேன். இதைக் கேட்கும்போது பலர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்கிறார்கள், அவசியமே இல்லை. 2009 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் சைட்டிலேயே வந்தது: பிரபலமான ஒரு நிறுவனத்தின் விளம்பரம் என்று சொல்லி இடம் வாங்கி, வார இறுதியில் அதைப் போலி ஸ்கேனாக மாற்றிவிட்டார்கள். விளம்பரம் வருகிற எந்த நல்ல சைட்டிலும் இது நடக்கலாம். சாஃப்ட்வேர் இலவசமாக இறக்கும் சைட்களில் பெரிய பச்சை 'டவுன்லோட்' பட்டன் விளம்பரமாக இருக்கும், நிஜமானது கீழே ஒரு மூலையில் ஒளிந்திருக்கும்.

கிராக் போட்ட, அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைத்து ஓட்டும் சாஃப்ட்வேர் மட்டும் விதிவிலக்கு. "இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை அணைத்து வையுங்கள்" என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருக்கும். அதற்கப்புறம் எப்படி வந்தது என்று என்னிடம் கேட்டால் என்ன சொல்ல?

13. நான் மேக் வெச்சிருக்கேன். எனக்கு வராதுல்ல?

வரும். 2011 மே மாதம் 'மேக் டிஃபெண்டர்' என்று ஒன்று பரவியது, கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று நம்பவைக்க அதுவே ஆபாச சைட்களைத் திறந்து காட்டும். ஆப்பிள் அந்த மாதக் கடைசியில் அதை நீக்க ஒரு செக்யூரிட்டி அப்டேட்டே வெளியிட வேண்டியிருந்தது. ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் வருவது பெரும்பாலும் 2-வது பதிலில் சொன்ன படம் காட்டும் வேலைதான், டேப்பை மூடிவிட்டு பிரவுசர் ஹிஸ்டரியை அழித்தால் முடிந்தது.

14. "விண்டோஸ் 10-க்கு இனி பாதுகாப்பு இல்லை"ன்னு வருது. இதுவும் டூப்புதானே?

இது உண்மையாக இருக்கலாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. வீட்டு உபயோகத்துக்கு, பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை செக்யூரிட்டி அப்டேட் கிடைக்கும். அசல் செய்தி உங்களை செட்டிங்ஸில் உள்ள விண்டோஸ் அப்டேட்டுக்குக் கூட்டிப்போகும். போன் நம்பருக்கோ ஏதோ ஒரு பக்கத்தின் டவுன்லோட் பட்டனுக்கோ கூட்டிப்போனால் டூப்பு.

15. "பிசி கிளீனர்", "ரிப்பேர்"னு வர்றதெல்லாம்? அது ஆன்டிவைரஸ் இல்லையே, பெரிய கடையிலயே விக்கறாங்களே?

சிக்கலான இடம். இதெல்லாம் திருட்டு சாஃப்ட்வேர் இல்லை, கம்பெனி உண்டு, பில் உண்டு. ஆனால் அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ கடைகளில் இலவசமாகக் கம்ப்யூட்டர் பரிசோதித்த விஷயம் நினைவில் வைக்கவேண்டியது. முதலில் நான்கு கேள்வி கேட்பார்கள், கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதா, பாப்-அப் வருகிறதா என்கிற மாதிரி. ஒன்றுக்காவது டிக் போட்டால் போதும், ஸ்கேன் என்ன கண்டாலும் காணாவிட்டாலும் மால்வேர் (கெடுதல் நிரல்) அறிகுறி என்று முடிவு வரும். 2019-ல் அந்த நிறுவனமும் சாஃப்ட்வேர் கொடுத்தவர்களும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்தார்கள். 2024-ல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற சைப்ரஸ் நிறுவனங்கள் இதே மாதிரி புகாரில் 2.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன.

என் கருத்து: ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் செட்டிங்ஸ் பதிவேடு) சுத்தம் செய்கிறேன், டிரைவர் அப்டேட் செய்கிறேன் என்று வரும் எதுவும் வீட்டு கம்ப்யூட்டருக்கு வேண்டாம். மெதுவாக இருந்தால் பழைய ஹார்டு டிஸ்க்கை மாற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுங்கள், காசுக்கு உருப்படியான பலன் அதில்தான்.

16. எல்லாம் நீக்கியாச்சு, ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்லை. ஆனா டிஃபெண்டர்ல "உங்கள் நிறுவனம் இதை நிர்வகிக்கிறது"ன்னு காட்டுது. இது வீட்டு கம்ப்யூட்டர்தானே அண்ணா?

நல்ல கண் உங்களுக்கு. அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் அந்த வரி இயல்பு. சொந்த கம்ப்யூட்டரில் வந்தால், ஏதோ ஒன்று உள்ளே புகுந்து டிஃபெண்டரின் செட்டிங்ஸை மாற்றிப் பூட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், லைசென்ஸ் வாங்காமல் விண்டோஸை ஓட்ட உங்கள் ஊர் சர்வீஸ்காரர் போட்ட விண்டோஸ் ஆக்டிவேட்டராகக்கூட இருக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பகுதியின் செட்டிங்ஸைத் திறந்து கடைசியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பாருங்கள். "இந்த ஃபோல்டரைத் தேடாதே" என்று சொல்லி வைக்கும் பட்டியல் அது. நீங்கள் எதுவும் சேர்த்திருக்காவிட்டால் காலியாக இருக்கவேண்டும். ஒருமுறை நான் பார்த்த கம்ப்யூட்டரில் அங்கே ஒரே ஒரு வரிதான் இருந்தது, அது மொத்த சி டிரைவ். மூன்று மாதமாக அவர் வாரா வாரம் ஸ்கேன் ஓட்டி "எந்த அச்சுறுத்தலும் இல்லை" என்று பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறார்.

பட்டியலில் இருப்பதை நீக்கி, 8-வது பதிலில் சொன்ன ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். நீக்கியது ரீஸ்டார்ட் செய்தபின் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தால் மேற்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம், படங்களை வெளியே எடுத்துவிட்டு ரீசெட்தான்.